வண்டி தம்பியின் பெயரில்

என் தம்பியின் பார்வையில் முதலில் தொலைந்தது ஓரங்கள்தான். நேராகப் பார்த்தால் பேப்பரில் உள்ள பொடி எழுத்தும் அவனுக்குத் தெரியும். பக்கவாட்டில் நின்று ஒருவர் கை நீட்டினால் தெரியாது. கல்யாண மண்டபங்களில் சொந்தக்காரர்கள் அவனைக் கும்பிடுவார்கள், அவன் கண்டுகொள்ளாமல் கடந்து போய்விடுவான். வேலைக்குப் போனதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று அம்மாவிடமே சிலர் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவும் அவனைக் கடிந்துகொண்டிருக்கிறாள்.

இருட்டிவிட்டால் அவன் பைக்கை எடுக்க மாட்டான். அப்போது கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதியில் எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தான். வேலை முடியப் பொழுதாகிவிட்டால் அங்கேயே நண்பன் அறையில் தங்கிவிடுவான். அதைச் சோம்பல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் அட்டப்பாடியில், அகளி கிருஷிபவன் என்கிற வேளாண்மை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே வாடகை வீட்டில் இருந்துகொண்டு வார இறுதியில் மட்டும் ஊருக்கு வருவேன். அப்பா இறந்த பிறகு தென்னந்தோப்பையும் நிலக்கடலைக் காட்டையும் அம்மாதான் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில், வாசலில் நின்ற டிராக்டர் டிரெய்லரின் கொக்கியில் கால் தட்டித் தம்பி விழுந்தான். மணிக்கட்டு முறிந்தது. எலும்பைக் கட்டிய டாக்டர், அவ்வளவு பெரிய டிரெய்லர் எப்படித் தெரியாமல் போனது என்று இரண்டு மூன்று கேள்வி கேட்டார். பிறகு கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

கண் ஆஸ்பத்திரியில் அரைக்கோளம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சுற்றிலும் எங்காவது வெளிச்சப் பொட்டு தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். நான் கதவோரம் நின்றிருந்தேன். பொட்டுகள் வந்து வந்து அணைவது எனக்குக் கூடத் தெரிந்தது. அவன் விரல் பெரும்பாலும் அசையவே இல்லை. வெளியே வந்ததும், "மிஷினு ஸ்டார்ட் ஆகவே ரொம்ப நேரமாச்சுக்கா" என்றான்.

விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் செத்துக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். இதற்கு மருந்து இல்லை. நடுப் பார்வை சில வருடம் தாங்கலாம், எத்தனை வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது. இரவில் வண்டி ஓட்டவே கூடாது. பகலில் இப்போதைக்கு ஓட்டலாம், ஆனால் அடிக்கடி வந்து சோதித்துக்கொள்ள வேண்டும், நிறுத்து என்று சொல்லும் நாளில் நிறுத்திவிட வேண்டும். அம்மா வழியாக மகனுக்கு வருகிற வகை இது என்று அவர் கடைசியாகச் சொன்னபோது, அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தொழுவத்துக்குப் போனாள். மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுவிட்டு வந்து, சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே எங்கள் இருவரிடமும் சொன்னாள்.

"என்ற அண்ணனுக்கும் இப்புடித்தாஞ் சாமி இருந்துச்சு. பொழுது எறங்குனா என்ற தோளப் புடிச்சுட்டுத்தான் நடப்பான். கள்ளக் குடிச்சுப்போட்டுத் தடுமாறுறான்னு ஊரே சொல்லுச்சு. அவன் ஒரு சொட்டு வாயில வெச்சதில்ல."

அந்த மாமாவை நாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் பிறப்பதற்கு முன்பே கிணற்றில் விழுந்து இறந்துபோனவர். குடித்துவிட்டு விழுந்தார் என்றுதான் நாங்களும் கேட்டு வளர்ந்திருந்தோம். அம்மா அதை ஒருநாளும் மறுத்ததில்லை. மறுத்தால் யார் நம்பியிருப்பார்கள்.

அடுத்த மாதம் நானும் ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொண்டேன். என்னிடமும் அது இருக்கிறது. என் பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் வராதாம், எனக்கு மகன் பிறந்தால் அவனுக்கு வரலாம். அப்போது எனக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அதன் பிறகு அவர்களிடமிருந்து அழைப்பு வரவில்லை.

இந்த நிலைமையில்தான் தம்பி தன் போனை என்னிடம் நீட்டினான். அதில் ஒரு படம். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் ஒன்றின் மூலையில், சாக்குகளுக்குக் கீழே, தாழ்வான சிறிய கார் ஒன்றின் மூக்கு மட்டும் தெரிந்தது. இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், இங்கிலாந்தில் செய்தது, எங்கள் அம்மாவை விட வயது மூத்தது. இடுக்கி மலையில் சாந்தன்பாறையில் இருக்கிறது, வாங்கப் போகிறேன் என்றான்.

அவனுக்கு இந்தப் பைத்தியம் நோய் தெரிவதற்கு முன்பே இருந்தது. ஞாயிறு காலையில் கொழிஞ்சாம்பாறை ரோட்டில் ஒரு புளியமரத்து டீக்கடைக்கு முன்னால், கோயம்புத்தூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் இளவட்டங்கள் பழைய கார்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒருமுறை அவனோடு நானும் போயிருந்தேன். வந்திருந்தவர்களில் முப்பதைத் தாண்டியவர்கள் ஓரிருவர்தான். பேக்கரி வைத்திருப்பவன், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், அப்பாவின் அரிசி மில்லைக் கவனித்துக்கொள்பவன். ஒருத்தன் வீட்டிலும் அப்படி ஒரு கார் முன்னால் இருந்ததில்லை. எதையும் அவர்கள் இழந்துவிட்டுத் தேடவில்லை. கூரை ஒழுகுகிற, வழியில் நின்றுவிடுகிற, உதிரிபாகம் கிடைக்காத வண்டிகளைத் தேடித் தேடி வாங்கி, வேறு எவனிடமும் இல்லாத ஒரு நட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். எனக்கு அவர்கள் பேச்சு புரியவில்லை. அவர்கள் முகங்கள் நன்றாக இருந்தன என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் இப்போது எனக்கு வந்தது கோபம்தான். கண் போய்க்கொண்டிருக்கிறவன் கார் வாங்குவானா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு கடுமையானது என்று எனக்கே உறைத்தது. அவன் கோபப்படவில்லை.

"அதனாலதாங்க்கா இப்ப வாங்கறேன்" என்றான்.

தனியாக அவ்வளவு தூரம் அவனை அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போனேன். போகும் வழியெல்லாம் பேசி மனசை மாற்றிவிடலாம் என்பது என் எண்ணம். பொள்ளாச்சி, பழனி, தேனி என்று பஸ் மாறிப் போடிக்குப் போய்த் தங்கினோம். மறுநாள் காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறிப் பூப்பாறை வழியாகச் சாந்தன்பாறை போய்ச் சேர்ந்தோம். வழியில் நான் என்னென்னவோ சொன்னேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மனசு மாறவில்லை.

எஸ்டேட்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தேனிப் பக்கத்துக் குடும்பம், இரண்டு தலைமுறையாக அங்கே ஏலத்தோட்டம். ஸ்டோரை இடித்துவிட்டு விருந்தினர் விடுதி கட்டப் போகிறார், அதற்காகத்தான் காரைக் கொடுக்க நினைத்திருந்தார். அவருடைய அப்பா, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வாங்கியதாம். அப்பா அந்தக் காரில் எஸ்டேட்டுக்குள் வந்தால் கூலிக்காரர்கள் பாதையை விட்டு இறங்கிச் செடிக்குள் நிற்பார்களாம். மகன்கள்கூடத் தொடக்கூடாதாம். "எங்கப்பாவுக்கு அது மேல உசுரு. எனக்கு இன்னைக்கும் அதப் பாத்தா பயந்தான்" என்றார் அவர்.

வெளியே நல்ல வெயில். ஸ்டோருக்குள் இருட்டு. தம்பி ஆவலில் வேகமாக உள்ளே நுழைந்து, குறுக்கே கிடந்த உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டான். பிறகு தரையில் அடுக்கியிருந்த ஏலக்காய்த் தட்டுகள் மேல் தடுமாறி விழுந்தான். எஸ்டேட்காரர் ஓடிவந்து தூக்கினார். என்ன தம்பி, உடம்புக்கு ஏதும் முடியலையா என்று கேட்டார். தம்பி மறைக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உள்ளதைச் சொன்னான்.

அவர் எங்களை வெளியே கூட்டிவந்து வராந்தாவில் உட்காரவைத்தார்.

"தம்பி, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீக. இத ஒங்களுக்குக் குடுத்து, நாளைக்கு எங்கனயாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் என்னையத்தான சேரும். வேணாம். போயிட்டு வாங்க."

நான் ஊரிலிருந்து கிளம்பியதே இந்த வார்த்தைக்காகத்தான். நான் சொல்லிக் கேட்காததை வேறொருவர் சொல்லிவிட்டார். எழுந்து கிளம்ப வேண்டியதுதான். ஆனால் தம்பி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நோய் தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் அவனிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். பைக் வேண்டாம். மாடிப்படி வேண்டாம். வெளியூர் வேண்டாம். கல்யாணப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம். அதையெல்லாம் அவன் வாங்கிக்கொண்டான். இதையும் அப்படியே வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவான் என்று தெரிந்தது. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

"வண்டிய நான் ஓட்டிக்குவேனுங்க" என்றேன். "அவனால முடியற வரைக்கும் அவன் ஓட்டட்டும். டாக்டர் வேண்டாம்னு சொல்ற அன்னைக்குச் சாவிய நான் வாங்கிக்கறேன். எனக்கு லைசென்ஸ் இருக்குதுங்க."

தம்பி முழுத் தலையையும் திருப்பி என்னைப் பார்த்தான். பக்கத்தில் இருப்பவர்களைப் பார்க்க அவன் அப்படித்தான் திரும்ப வேண்டும். எஸ்டேட்காரர் உள்ளே போய் வீட்டம்மாவோடு பேசினார். காப்பி வந்தது. ரொம்ப நேரம் கழித்து அவர் திரும்பிவந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று என்னிடம் சொன்னார், தம்பியிடம் சொல்லவில்லை. பிறகு சம்மதித்தார்.

காரை மினி லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தோம். எந்தக் காலத்திலோ ஸ்டோர் புகைக்குழாய்க்கு அடிக்கிற அலுமினியம் பெயின்டை யாரோ அதன் மேலும் பூசியிருந்தார்கள். சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. டயர்கள் தட்டையாகிக் கல்லாய் இறுகிக் கிடந்தன. தென்னை ஓலைக் கொட்டகையில் இறக்கிவைத்தபோது அம்மா தள்ளி நின்று பார்த்தாள். எங்கள் தாத்தாவை நாங்கள் அப்பாரு என்போம். "இந்த மாதிரிக் காரு வந்தா உங்கப்பாரு சைக்கிள உட்டு எறங்கி ஓரமா நிப்பாரு. இப்ப நம்மூட்டுக் கொட்டகைல நிக்குது" என்றாள். பெருமையாகச் சொன்னாளா, பயத்தில் சொன்னாளா தெரியவில்லை. அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கமே அவள் போகவில்லை. அது தன் மகனைக் கொல்லத்தான் வந்திருக்கிறது என்று நம்பினாள்.

வண்டியைச் சீராக்க உதவ வந்தது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பழக்கமான ஒரு பெண். பல் டாக்டர், கல்பாத்தி அக்ரஹாரத்துக் குடும்பம், என்னை விடச் சின்னவள். அவளிடமும் அதே வகைக் கார் ஒன்று இருந்தது. வந்த அன்றைக்கே தம்பியிடம், இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று நேராகக் கேட்டாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படி வாய்விட்டுக் கேட்டதில்லை. ஒரு வருடம் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம் என்றான் அவன்.

"அப்போ மழைக்கு முன்னாடி முடிச்சாகணும். பெயின்ட் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஓடட்டும் முதல்ல" என்றாள் அவள்.

வாரந்தோறும் வந்தாள். இங்கிலாந்திலிருந்து தபாலில் சாமான்கள் வந்தன. பொள்ளாச்சி லேத் பட்டறையில் சிலவற்றைக் கடைந்து வாங்கினார்கள். இறுகிப்போன என்ஜினைப் பிரித்துத் தார்ப்பாயில் பரப்பியபோது, கீழே உருண்டு போகிற ஒவ்வொரு திருகாணியையும் தேடித் தருவது என் வேலை. தம்பி தேடினால் கிடைக்காது. கைக்கருகே கிடந்தாலும் அவன் பார்வையின் சின்ன வட்டத்துக்குள் வந்தால்தான் உண்டு. முதலில் அவனுக்கு எரிச்சல் வரும். பிறகு பழகிக்கொண்டான். "அக்கா, போயிருச்சு" என்பான், நான் எடுத்துக் கொடுப்பேன். அந்தப் பெண் ஒருநாளும் எடுத்துக் கொடுத்ததில்லை. எந்தப் பக்கம் என்று சொல்லுவாள், அவனே தேடி எடுக்க வேண்டும். அது எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை.

ஒரு நாள் வேலைக்கு நடுவில் அவளிடம் கேட்டேன், இந்தக் காரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆத்துல இருக்கற புதுக் கார் நான் தூங்கினாலும் அதுபாட்டுக்குப் போகும்னு இருக்கும். இது அப்படி இல்லையாக்கும். நான் செய்யலைன்னா ஒண்ணும் நடக்காது. நாள் முழுக்க அடுத்தவா வாயப் பாத்துண்டு இருக்கேனா, இதுல உக்காந்தா வேற நினைப்பே வராது."

மழைக்கு முன்பே வண்டி ஓடியது. அந்த வருடம் முழுக்க, பகலில், நல்ல வெளிச்சத்தில் மட்டும், அவன் ஓட்டினான். பக்கத்தில் நானோ அந்தப் பெண்ணோ இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வேலந்தாவளத்திலிருந்து மேனோன்பாறை வரை பனைகளுக்கு நடுவே போகும் அந்த ரோட்டில் கூட்டம் குறைவு. கூரை இல்லாத வண்டி, தரையை ஒட்டிய இருக்கை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் மண்ணை அள்ளி அடிக்கும். எனக்கு இடுப்பு வலிக்கும். அவன் பேசவே மாட்டான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி ஓட்டுவான். ஒருமுறை மட்டும் சொன்னான்: "இதுல எல்லாமே கைக்குத் தெரியுதுக்கா. ரோடு எப்படி இருக்குதுன்னு கை சொல்லுது. கண்ண வெச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியது கொஞ்சந்தான்."

அந்தக் கொஞ்சமும் போதாமல் போனது ஒரு ஞாயிறு மத்தியானம். வெயில் நன்றாக இருந்தது. தோட்டத்துக்குத் திரும்பும் முனையில், இடது பக்கக் கள்ளி வேலியிலிருந்து ஒரு வெள்ளாடு ரோட்டுக்கு வந்தது. ஓடிவரவில்லை, மெதுவாகத்தான் வந்தது. நான் முன்னமே பார்த்தேன். அவனும் பார்த்திருப்பான், நிறுத்துவான் என்று நினைத்தேன். அவன் வேகத்தைக் குறைக்கவே இல்லை என்று எனக்கு உறைத்துக் கத்துவதற்குள் இடித்துவிட்டது.

வண்டியை நிறுத்தினான். பின்னால் ஆடு கிடந்தது. காலை இரண்டு முறை உதைத்தது, பிறகு அடங்கிவிட்டது.

"என்னக்கா இடிச்சுது?" என்று கேட்டான்.

அவனுக்கு ஆடு கடைசி வரை தெரியவே இல்லை. நான் சொன்னேன். அவன் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடந்துபோய்க் குனிந்து பார்த்தான். ஆட்டின் கழுத்தில் ஒரு சிறிய மணி கட்டியிருந்தது. அதைத் தொட்டான். பக்கத்துத் தோட்டத்தில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவின் ஆடு அது. அந்த அம்மா வேலிக்கு அந்தப் பக்கம்தான் புல் அறுத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து பார்த்துவிட்டு, அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இதே எடத்துல நீங்க வந்திருந்தா உங்களைத்தானுங்க இடிச்சிருப்பேன்" என்று தம்பி அவரிடம் சொன்னான். சாவியை எடுத்து என் கையில் வைத்தான். டாக்டரின் அடுத்த சோதனைக்கு இன்னும் நாள் இருந்தது. அவன் காத்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா எங்கள் பட்டியிலிருந்து சினை ஆடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய் அந்த அம்மாவின் வீட்டில் கட்டிவிட்டு வந்தாள். திரும்பி வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். காரை விற்கச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நீயா நிறுத்துன பாரு, அது போதுஞ் சாமி" என்றாள்.

தம்பி அப்போதுதான் அழுதான். நோய் தெரிந்த நாளில்கூட அவன் அழுததை நான் பார்க்கவில்லை.

பிறகு பல நாள் அவன் கொட்டகைக்குப் போகவில்லை. சொன்ன சொல் எனக்குத்தான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை சாவியை எடுத்துக்கொண்டு போய், தோப்புக்குள் செல்லும் மண் பாதையில் நானே ஓட்டிப் பார்த்தேன். கிளட்சை அமுக்க இரண்டு காலும் வேண்டும் போலிருந்தது. முதல் கியர் கறகறவென்று கத்தி மறுத்தது. வண்டி குதித்துக் குதித்து நின்றது. சத்தம் பொறுக்காமல் தம்பி வீட்டிலிருந்து வந்துவிட்டான். தென்னை மரங்களைத் தொட்டுத் தொட்டு வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். வண்டி முழுசா நிக்காம முதல் கியருக்குப் போகாதே என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் சொல்லித் தரவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. மழையில் தோப்பில் சேறாகும் வரை வாரம் தோறும் பழகினேன். பிறகு ரோட்டுக்கு வந்தேன்.

புளியமரத்துக் கடைக்கு நாங்கள் மறுபடி போனபோது, ஓட்டுகிற பக்கத்திலிருந்து நான் இறங்குவதைப் பார்த்து எல்லோரும் சட்டென்று அடங்கினார்கள். பேக்கரி வைத்திருப்பவன்தான் தம்பியின் தோளில் கை போட்டு டீ வாங்கப் போனான். சற்று நேரத்தில் ஏதோ ஒரு கார்புரேட்டர் விஷயத்தில் வழக்கம் போலச் சண்டை தொடங்கியது. தம்பியும் அதில் இருந்தான். நான் தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இவர்களுக்கு இது என்ன என்பது எனக்கு இன்னும் முழுதாக விளங்கியதில்லை. ஆனால் எங்கள் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட, கண்ணைப் பற்றி அல்லாமல், அவனோடு அவ்வளவு நேரம் வேறெதைப் பற்றியும் பேசியதில்லை.

விலைக்குக் கேட்டுப் பலர் வந்தார்கள். ஓட்ட முடியாதவன் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறான் என்ற எண்ணம் அவர்களுக்கு. மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஒருமுறை, அவர்கள் போன பிறகு நானும் கேட்டேன், கொடுத்துவிடலாமா என்று. எனக்காக அவன் வைத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

"ஓட்டறதுக்குத்தான் கண்ணு வேணும். வெச்சிருக்கறதுக்கு என்னத்துக்குக்கா?" என்றான். கொஞ்சம் கழித்து, "உனக்குக் கஷ்டமா இருந்தாச் சொல்லு, குடுத்தரலாம்" என்றான்.

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இடுப்பு வலியும், வழியில் நின்றுபோகும் வெட்கமும், எதிரே வரும் லாரியின் சக்கரம் தலைக்கு மேலே தெரியும் பயமும் எனக்குப் பழகவே இல்லை. இருந்தாலும் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

போன வருடம் பார்வை வேகமாகக் குறைந்தது. இப்போது நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் என்னைத் தெரியும். முகம் முழுதாகத் தெரியாது, கண் தெரிந்தால் வாய் தெரியாது என்கிறான். வேலையை விட வேண்டியிருக்குமோ என்று பயந்தோம். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் இருக்கிறது, அதைக் கற்றுக்கொண்டால் வேலையில் தொடரலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். அதற்கும், வெள்ளைக் கோல் பிடித்து நடக்கவும், கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் தங்கிப் படிக்கப் போனான். கோலை வாங்குவதற்கு மட்டும் ரொம்பத் தயங்கினான். ஊரில் அதைப் பிடித்து நடந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றான். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும் என்று அம்மா சொன்னாள். தன் அண்ணனுக்கு அப்படி ஒரு கோல் இருந்திருந்தால் குடிகாரன் என்ற பேர் வந்திருக்காது என்றும் சொன்னாள்.

பயிற்சி முடிந்ததும் கூட்டிவர வருகிறேன் என்றேன். வேண்டாம், தனியாகவே பஸ்ஸில் வருகிறேன், வேலந்தாவளம் ஸ்டாப்புக்கு வந்தால் போதும், ஆனால் நம்ம வண்டியில் வா என்றான்.

நான் முன்னதாகவே போய்ச் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் நிழலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். வழக்கம் போல இரண்டு பேர் பைக்கை ஓரம் கட்டிவிட்டு வந்து படம் எடுத்தார்கள். ஒரு பையனும் ஒரு பெண்ணும், கல்லூரிப் பிள்ளைகள். எந்த வருடத்து வண்டி, எங்கே கிடைத்தது என்று மாறி மாறிக் கேட்டார்கள். தாங்களும் இப்படி ஒன்று வாங்கப் பணம் சேர்ப்பதாகச் சொன்னார்கள். அலுமினியம் பெயின்டை ஏன் மாற்றவில்லை என்று அந்தப் பெண் கேட்டாள். வெயிலில் அது பளிச்சென்று இருப்பதால் தம்பிக்குக் கொஞ்சம் எளிதாகத் தெரிகிறது, அதனால் அப்படியே விட்டுவிட்டோம். அவளிடம் அதை விளக்காமல், இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

பஸ் வந்தது. தம்பி கடைசி ஆளாக இறங்கினான். கோல் முதலில் தரையைத் தொட்டது, பிறகு கால். ஓடிப் போய்க் கையைப் பிடிக்கத் தோன்றியது. பிடிக்கவில்லை. இந்தப் பக்கம் என்று குரல் கொடுத்தேன். அவன் தரையைத் தட்டித் தட்டி, வழியில் நின்ற ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு, மெதுவாக வந்து சேர்ந்தான். முகம் வேர்த்திருந்தது. வண்டியின் கதவு விளிம்பைக் கையால் தேடிப் பிடித்ததும் மூச்சு விட்டான்.

அந்தப் பையன் என்னைப் பார்த்து, "ஓனர் நீங்கதானுங்களா?" என்று கேட்டான்.

"நாந்தானுங்க" என்றான் தம்பி.

பையன் கோலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு, லிட்டருக்கு எவ்வளவு ஓடுதுங்க என்று தம்பியிடமே கேட்டான். தம்பி சிரித்துக்கொண்டே, அதை மட்டும் கேட்காதீங்க என்று சொல்லிவிட்டு, கோலை மடித்துக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பஸ்ஸில் இரண்டு பேர் இடம் கொடுக்க எழுந்ததையும், ஒருவர் கேட்காமலே கையைப் பிடித்து இழுத்ததையும், தான் அவரிடம் என்ன சொன்னான் என்பதையும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். காற்றில் பாதி எனக்குக் கேட்கவில்லை. வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். சாப்பாடு ஆறுகிறது, கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று எங்களைக் கூப்பிட்டாள்.